பெயருக்கும் மொழிக்கும் வாதாடிய ஜெய்பால் சிங் முண்டா

இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தின் குந்தி வட்டாரத்தில், தக்ரா என்னும் சிற்றூரில், 1903 ஜனவரி 3ஆம் நாள் முண்டாக் குடியில் தோன்றியவர் ஜெய்பால் சிங். மாடு மேய்த்த சிறுவனின் அறிவுக்கூர்மையை ராஞ்சியின் கிறித்தவப் பள்ளி கண்டுகொண்டது. பள்ளித் தலைவரே அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பயின்ற அவர், 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கினார். இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லையெனினும், நாட்டின் முதல் ஹாக்கித் தங்கம் அவ்வணிக்கே வாய்த்தது. அந்த ஆட்டங்களுக்காகவே ஐ.சி.எஸ். பதவியையும் அவர் துறக்க நேர்ந்தது.

1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். பெருந்தலைவர் எனப் பொருள்படும் மராங் கோம்கே என்று மக்கள் அவரை அழைத்தனர். 1946 டிசம்பர் 19ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, காட்டுமனிதன் என்ற வசையையே பெருமையாக ஏற்றுப் பேசினார். ஆதிவாசிகளுக்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமிருந்தே பிறர் அதனைக் கற்கவேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் போராடியவற்றுள் தலையாயது பெயருரிமை. வனஜாதி என்னும் சொல் தம் மக்களைக் காட்டுவாசிகளாகச் சுருக்குகிறது என்றும், ஆதிவாசி என்பதே மண்ணின் முதல் குடிகளென அவர்களைச் சுட்டும் என்றும் வலியுறுத்தினார். சட்டம் அச்சொல்லை ஏற்கவில்லை. ஆயினும், தமிழில் வழங்கும் பழங்குடியினர் என்னும் சொல், அவர் வேண்டிய பொருளைத் தன்னுள் கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

அடுத்தது மொழியுரிமை. 1949 செப்டம்பரில் மொழிகள் பற்றிய விவாதம் நிகழ்ந்தபோது, முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்றையும் எட்டாம் அட்டவணையில் சேர்க்குமாறு வேண்டினார். பதினான்கு மொழிகள் இடம்பெற்றன. அவற்றுள் தமிழும் ஒன்று. அவர் வேண்டிய மூன்றனுள் ஒன்றும் இடம்பெறவில்லை. குடுக் எனவும் வழங்கும் ஒராவோனும் கோண்டியும் திராவிட மொழிகள், தமிழுக்கு உடன்பிறந்தவை. 2003இல் சந்தாலி சேர்க்கப்பட்டது. அம்மூன்றும் இன்றளவும் வெளியிலேயே நிற்கின்றன.

அவர் தலைமையில் உருவான ஜார்கண்ட் கட்சி, 1952 தேர்தலில் பீகாரின் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. 1963இல் அதனைக் காங்கிரசோடு இணைத்தமையால் தொண்டர் பலரின் மனக்கசப்புக்கு அவர் ஆளானார். தனி மாநிலக் கனவு நனவாகுமுன் 1970 மார்ச் 20ஆம் நாள் தில்லியில் மறைந்தார். முப்பது ஆண்டுகட்குப் பின், 2000 நவம்பர் 15இல் ஜார்கண்ட் மாநிலம் பிறந்தது.

மாநிலம் கிடைத்தது, மொழி பற்றிய அவரது கோரிக்கையோ நிறைவேறாமலே உள்ளது. அதன் பொருளை உணர ராஞ்சி வரை செல்ல வேண்டுவதில்லை. ஆவடியில் வாழும் நரிக்குறவ மக்கள் நெடுங்காலம் கேட்டுவந்த பழங்குடித் தகுதி 2023இல்தான் சட்டமாயிற்று. பட்டியலில் அவர்தம் பெயர் ஏறிற்று. வீட்டில் அவர்கள் பேசும் வாக்ரிபோலிக்குத் தனி எழுத்தில்லை. பள்ளி செல்லும் பிள்ளையின் நாவிலிருந்து அம்மொழி நழுவினால், அதன் பாட்டும் கதையும் உடன் மறையும். அவற்றைக் கேட்டு, உரியவர் இசைவோடு எழுதிவைக்கும் பணி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக் கவிஞர்களுக்குக் கூப்பிடு தொலைவிலேயே காத்திருக்கிறது. ஜெய்பால் சிங்குக்குச் செலுத்தத்தக்க அஞ்சலியும் அதுவே.