ஏர்ப்பாட்டைத் தேடிய துறவி

செருப்புத் தைப்பவரின் மகன், தோழர்களே, ஆர்மீனிய இசைமேதை கோமிதாஸ்! 1869-இல் துருக்கிச் சுல்தானின் ஆட்சியிலிருந்த குத்தாகியாவில் பிறந்தார். பெற்றோரை இழந்த சிறுவன். பேசத் தெரிந்தது துருக்கி மொழி, தாய்மொழியோ தெரியாது! 1881-இல் எச்மியாட்சின் மடத்துப் பள்ளியிலே, பொருள் புரியாமலே ஆர்மீனியத் துதிப்பாடலைப் பாடினார். குரலிலே சொக்கிச் சேர்த்துக்கொண்டனர். வளர்ந்து துறவியானார்.

1896-இல் பெர்லின் சென்று மூன்றாண்டு இசை பயின்றார். பயின்றவர் அரண்மனையை நாடினாரா? இல்லை! உழவன் குடிசையை நாடினார். தாலாட்டு, மணப்பாட்டு, ஏர்ப்பாட்டு என ஆயிரக்கணக்கில் கேட்டுக் கேட்டு எழுதினார். லோரி வட்டார ஏர்ப்பாட்டிலே, மாட்டை ஓட்டும் கூவலைக்கூட அவர் விடவில்லை!

1910-இல் கான்ஸ்டான்டிநோபிளில் குடியேறி, 300 பேர் கொண்ட பாடகர் குழுவை அமைத்து நடத்தினார். கோயில் பாட்டு கொட்டகையில் ஒலிப்பதா என்று குமுறினர் குருமார் சிலர். குமுறட்டுமே! குழு பாடிற்று.

1915 ஏப்ரல் 24. ஆர்மீனிய அறிஞர்களை வேட்டையாடிற்று துருக்கி அரசு. கோமிதாசும் பிடிபட்டார், சான்கிரிக்கு நாடு கடத்தப்பட்டார். சில வாரங்களில் திருப்பி அனுப்பினர். உடன்சென்ற பலர் திரும்பவே இல்லை. அவர் உயிர் மீண்டது, உள்ளம் மீளவில்லை. ஏடுகள் பல சிதறின. 1919-இல் பாரிசுக்குச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டவர், 1935-இல் அந்நகரை அடுத்த மனநல மருத்துவமனையிலேயே மாண்டார். மறு ஆண்டு அவர் உடலை எரவானுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர்.