ஒரு கோவணத்துக்காக வேலை போன வாத்தியார்

இன்ஜினியரிங் டிராயிங்ல அரியர் வச்சிருக்கிற மக்கள் எல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த மனுஷன் 1860-லேயே, பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போது, ஒரு லேத் மெஷினை பெர்ஸ்பெக்டிவில் அச்சு அசலாக வரைந்தவர். பின்னாளில் துடுப்புப் படகுகளை ஓவியமாக்கியபோது, படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, தண்ணீரில் அதன் பிம்பம் எங்கே விழும் என்பதையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார். பெயர் தாமஸ் ஈக்கின்ஸ். 1844-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மாணவிகள் இருந்த வகுப்பில் ஒரு ஆண் மாடலின் கோவணத்தை அவிழ்த்துவிட்டார் என்று அதே ஊர் அவரை வேலையை விட்டு அனுப்பியது.

உடனே முகம் சுளிக்காதீங்க. உடனே கைதட்டவும் வேண்டாம். கதை அவ்வளவு சுலபமில்ல.

அந்தக் காலத்து அமெரிக்காவில் உடம்பைப் பற்றிய விதிகள் நமக்கு விசித்திரமாகத்தான் தெரியும். ஆண்களும் பையன்களும் ஆற்றில் துணியில்லாமல் நீந்துவது சாதாரண விஷயம். (இது ரொம்ப நாள் தொடர்ந்தது, 20-ஆம் நூற்றாண்டின் பாதி தாண்டியும் பல ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளங்களில் ஆண்களுக்கு அதுதான் வழக்கம்.) ஆனால் ஓவியப் பள்ளியில் மாடலாக உட்காரும் பெண் தன்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று முகமூடி போட்டுக்கொள்வாள். ஈக்கின்ஸ் இளம் வயதில் வரைந்த ஒரு கரிக்கோல் படம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் உடம்பில் ஒரு நூல் கிடையாது, முகத்தில் மட்டும் முகமூடி. யாருடைய உடம்பு என்பதுதான் அங்கே ரகசியம். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

1866-ல் பாரீஸ் போய் ஜெரோம் என்ற பெரிய ஓவியரிடம் படித்தார். அங்கே நிர்வாண மாடலைப் பார்த்து வரைவதுதான் அடிப்படைப் பாடம். 1870-ல் ஊர் திரும்பியவர், ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்றார். தோலுக்குக் கீழே எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்று தெரியாமல் ஒரு கையைக் கூட வரைய முடியாது என்பது அவர் கட்சி. நாம மெஷினைப் பிரிச்சுப் பார்க்கிற மாதிரிதான்.

அந்தக் கல்லூரியிலிருந்தே 1875-ல் அவருடைய மிகப் பெரிய ஓவியம் வந்தது. டாக்டர் சாமுவேல் கிராஸ், கையில் ரத்தம் தோய்ந்த கத்தியுடன், மாணவர்கள் சூழ ஒரு நோயாளியின் தொடையை அறுத்துச் சிகிச்சை செய்கிறார். எட்டு அடி உயரப் படம். 1876-ல் நாட்டின் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கலைப் பிரிவில் இடமில்லை என்று சொல்லி, ராணுவ மருத்துவமனை மாதிரிக் கூடத்தில், கட்டில்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பிறகு மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்கள் 200 டாலர் கொடுத்து வாங்கினார்கள். இந்த 200-ஐயும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே 1876-ல் பென்சில்வேனியா நுண்கலை அகாடமியில் பாடம் நடத்த ஆரம்பித்து, 1882-ல் அதன் பள்ளிக்கே இயக்குநர் ஆனார். அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் ஃபேர்மன் ராஜர்ஸ், நம்ம ஆளு, சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். ஈக்கின்ஸின் வகுப்பில் பிணங்களை அறுத்துப் படித்தார்கள். பெண்களுக்கும் அதே பாடம்தான். மற்ற பள்ளிகள் பெண்களுக்கு ஓவியம் என்றால் பூவும் பழமும் என்று நினைத்த காலம் அது. 1884-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைபிரிட்ஜ் நடத்திய அசைவுப் புகைப்பட ஆராய்ச்சியிலும் சேர்ந்தார். மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். ஈக்கின்ஸ் ஒரே கேமராவின் முன் துளை போட்ட தட்டைச் சுழலவிட்டு, ஒருவர் தாண்டிக் குதிக்கும் எல்லா நிலைகளையும் ஒரே பிளேட்டில் பிடித்தார். ஓடுபவரும் குதிப்பவரும் ஆடையில்லாமல்தான். தசை தெரியணும்ல.

பிறகு அந்த நீச்சல் ஓவியம். ஆறு ஆண்கள் நீர்நிலை ஓரப் பாறையிலும் தண்ணீரிலும் நிர்வாணமாக. வரையச் சொல்லிக் கேட்டவர் அகாடமி நிர்வாகத்தின் முக்கியப் புள்ளி எட்வர்ட் கோட்ஸ். படத்தைப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், வேறு ஒன்று கொடுங்கள் என்று மாற்றிக்கொண்டார். நீந்துவதில் தப்பில்லை என்று சொன்னேனே, அப்புறம் என்ன? படத்தில் இருப்பவர்கள் ஈக்கின்ஸின் மாணவர்கள். தண்ணீரில் ஒரு மூலையில் வாத்தியாரே இருக்கிறார். முகங்கள் தெரிகின்றன. முகமூடி இல்லை.

1886 தொடக்கத்தில் கோவண விவகாரம் வெடித்தது. பெண்கள் வகுப்பில் ஆண் மாடல் கோவணத்தோடு நிற்க வேண்டும் என்பது விதி. இடுப்புத் தசை எங்கே தொடங்குகிறது என்று காட்ட அவர் அதை நீக்கினார். நிர்வாகம் ராஜினாமா கேட்டது, அவரும் கொடுத்துவிட்டார். மாணவர்களில் ஒரு கூட்டம் அவருக்காக வெளியேறி தனி ஓவியப் பள்ளியே ஆரம்பித்தது. அங்கே சம்பளம் வாங்காமல் சில வருஷம் கற்றுக்கொடுத்தார்.

இதுவரைக்கும் படித்தால் அவர் ஹீரோ. ஆனால் அமீலியா வான் ப்யூரன் என்ற மாணவி இடுப்பெலும்பின் அசைவு பற்றிச் சந்தேகம் கேட்டபோது, தனியறையில் தன் ஆடையைக் களைந்து காட்டியதாக ஈக்கின்ஸே எழுதியிருக்கிறார். அறிவியல் விளக்கம் தவிர வேறொன்றுமில்லை என்பது அவர் வாதம். மாணவிகளைத் தனக்கு நிர்வாண மாடலாக நிற்கச் சொன்னதும் உண்டு. சொந்தத் தங்கையின் கணவரே அவருக்கு எதிராகப் புகார் சொன்னார். மார்க் போடுகிறவர் கேட்டால் ஒரு மாணவி எப்படி மறுப்பாள்? அகாடமியின் பயம் அசட்டுத்தனமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் உடம்பு வெறும் பாடப்பொருள் என்று நம்பியவர், அந்த உடம்புக்குள் இருக்கிற ஆளிடம் சம்மதமா என்று கேட்க மறந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்லணும். வான் ப்யூரனோ பின்னாளில் அவர் முன் உட்கார்ந்து தன் உருவப்படம் வரையச் சம்மதித்தார். நாற்காலியில் களைத்துச் சாய்ந்திருக்கும் அந்தப் படம் அவருடைய தலைசிறந்த படைப்புகளில் ஒன்று.

ஊரின் மனநிலை அதற்குள் இன்னும் இறுகியிருந்தது. ஆபாசமானதைத் தபாலில் அனுப்புவது குற்றம் என்ற 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தை விடாப்பிடியாக வாங்கிக் கொடுத்த ஆண்டனி காம்ஸ்டாக், 1887-ல் நியூயார்க்கில் ஒரு பிரபல ஓவியக் கடைக்குள் நுழைந்து, பிரெஞ்சு ஓவியங்களின் புகைப்படப் பிரதிகளைப் பறிமுதல் செய்தார். ஈக்கின்ஸ் மாறவில்லை. 1889-ல் டாக்டர் ஆக்னியூ ஒரு பெண்ணுக்கு மார்பக அறுவைச் சிகிச்சை செய்வதை வரைந்தார். அகாடமி அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. 1895-ல் டிரெக்சல் கல்லூரியிலும் நிர்வாண மாடல் பிரச்சினை, அங்கேயும் வேலை போனது. கடைசிக் காலத்தில் பெரும்பாலும் உருவப்படங்கள்தான். பலர் தங்கள் படத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை, அவ்வளவு உண்மையாக வரைந்துவிடுவார்.

1904-ல் அதே அகாடமி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. வாங்கியவர் நேராக நாணயச்சாலைக்குப் போய் அதைக் காசாக்கிக்கொண்டார் என்பார்கள். 1916-ல் இறந்தார். அடுத்த வருஷமே நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தியது.

அந்த 200 டாலர் படம் 2006-ல் விற்பனைக்கு வந்தது. விலை 68 மில்லியன் டாலர். வெளியூருக்குப் போகவிடக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியாவே நிதி திரட்டியது. நகர மியூசியத்தோடு சேர்ந்து அதை வாங்கியது பென்சில்வேனியா நுண்கலை அகாடமி. தன் பங்குப் பணத்துக்காக அது கையிலிருந்த ஒரு நல்ல ஓவியத்தை விற்றது. ஒருவர் செல்லோ வாசிக்கும் படம். அதை வரைந்தவரும் ஈக்கின்ஸ்தான்.