ஹகீம் அஜ்மல் கானும் ஒரு வேரின் பயணமும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு சுபஹுத் தொழுகைக்கு முதல் ஆளாக வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல வருடங்கள் துணி வியாபாரம் செய்தவர். சில வருடங்களுக்கு முன் அவரது வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு நடை சுருங்கியது, குரல் தாழ்ந்தது, முகத்தில் சிரிப்பும் குறைந்தது. ஜின்னின் வேலை என்று யாரோ சொல்ல, தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டிக்குப் போய் நரம்பியல் நிபுணரைக் கண்டபோதுதான் அது பார்கின்சன் என்னும் நடுக்குவாதம் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கியதும் கை ஓரளவு அடங்கியது.

சென்ற வருடம் ஒரு முகவர் வந்தார். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நோய் அடியோடு போய்விடும் என்றார். மகளின் நகைகளை விற்கும் பேச்சு வரை விஷயம் வந்துவிட்டது. பெரியவர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் அவரது மகன் என்னிடம் வந்து, என்ன செய்யலாம் சேர் என்று கேட்டார். நான் அவருக்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அந்த மனிதர் டில்லியின் ஹகீம் அஜ்மல் கான். நம்மில் பலர் அவரை இந்திய சுதந்திரப் போராட்டத் தலைவராக மட்டுமே அறிந்திருக்கிறோம். இன்று நடுக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரையின் வரலாற்றில் அவர் நட்ட ஒரு விதைக்கும் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1868 ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தார். முகலாயர் காலத்திலிருந்தே அரண்மனை வைத்தியர்களாக இருந்த குடும்பம் அது. பல்லிமாரான் தெருவிலுள்ள அவர்களது ஷரீப் மன்ஸில் வீடும் வைத்தியசாலையும் பாடசாலையும் ஒன்றாகவே இருந்த இடம். சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். அரபு, பாரசீகம், மார்க்கக் கல்வி ஆகியவற்றைக் கற்றபின் குடும்பத்துப் பெரியவர்களிடமே யூனானி வைத்தியம் பயின்றார். 1892 இல் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியரானார்.

இத்தனை பெருமையுள்ள குடும்பத்தில் பிறந்தவர், பாட்டனார் எழுதிவைத்ததே போதும் என்று இருந்திருக்கலாம். வசதிக்கும் மரியாதைக்கும் குறைவிருந்திருக்காது. அவர் அப்படி இருக்கவில்லை.

அவரது மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் மஜீத் டில்லியில் மத்ரஸா திப்பியா என்ற வைத்தியப் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். சகோதரர்கள் காலமானபின் அந்தப் பொறுப்பு அஜ்மல் கானிடம் வந்தது. வீட்டுக்குள் பரம்பரை இரகசியமாகப் பாதுகாக்கப்பட்ட வைத்தியம் வகுப்பறைக்கு வரவேண்டும் என்று அவர் நினைத்தார். பெண்களும் வைத்தியம் கற்கவேண்டும் என்று 1909 இல் அவர்களுக்கென்று ஒரு தனிப் பாடசாலையைத் திறந்தார். முஸ்லிம் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது.

1910 அளவில் ஆங்கில அரசாங்கம் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, நாட்டு வைத்தியர்கள் எல்லோரும் ஒதுக்கப்படும் ஆபத்து எழுந்தது. அஜ்மல் கான் யூனானி ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டில் உட்காரவைத்தார். முஸ்லிம்களின் வைத்தியம், இந்துக்களின் வைத்தியம் என்று பிரித்துப் பார்க்க அவர் மறுத்தார். பிற்காலத்தில் அவர் கட்டிய கல்லூரியின் பெயரிலும் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

எதிர்ப்புத் தெரிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மறு வருடம் 1911 இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். தன்னை ஒதுக்க நினைத்தவர்களின் வைத்தியசாலைகளையே போய்ப் பார்த்தார். லண்டனில் சாரிங் கிராஸ் வைத்தியசாலையில் அப்போது இளம் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்தவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி. அவர்களுடைய வாழ்நாள் நட்பு அங்கே தொடங்கியது. அங்கு ஒரு நோயாளியின் வயிற்று நோய் பற்றித் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டான்லி பாய்டும் ஹகீமும் வெவ்வேறு கருத்துச் சொன்னதாகவும், வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் சொன்னதே சரியாக இருந்ததாகவும் ஒரு சம்பவத்தை அவரது வரலாற்றில் சொல்வார்கள்.

இந்தச் சம்பவத்தை நாம் பெருமைக்காகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஹகீம் தன் கணிப்பை, சரியா பிழையா என்று எல்லோர் முன்னிலையிலும் பரிசோதிக்கக்கூடிய ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார். பிழையாகியிருந்தால் அவமானம் அவருக்குத்தான்.

ஊர் திரும்பியதும் பெரிய கல்லூரி ஒன்றுக்கான வேலையைத் தொடங்கினார். டில்லி கரோல் பாக்கில் 1916 இல் வைஸ்ராய் ஹார்டிங் பிரபு அடிக்கல் நாட்டினார். கட்டி முடித்தபோது காலம் மாறியிருந்தது. 1921 பெப்ரவரி 13 ஆம் திகதி அதைத் திறந்துவைத்தவர் மகாத்மா காந்தி.

இடைப்பட்ட ஆண்டுகளில் அஜ்மல் கானும் மாறியிருந்தார். கிலாபத் இயக்கத்திலும் ஒத்துழையாமை இயக்கத்திலும் முன்னணியில் நின்றார். அரசாங்கம் கொடுத்த ஹாஸிகுல் முல்க் என்ற பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். மக்கள் அதற்குப் பதிலாக மஸீஹுல் முல்க் என்று அவரை அழைத்தார்கள். 1921 இல் அஹ்மதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவராகத் தெரிவான சி. ஆர். தாஸ் சிறையில் இருந்ததால், அஜ்மல் கானே தலைமை தாங்கினார். 1920 இல் தொடங்கிய ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் முதல் வேந்தரும் அவர்தான். அந்தக் கல்விக்கூடம் பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1925 இல் அதை அலிகரிலிருந்து டில்லிக்குக் கொண்டுவந்து, தன் சொந்தப் பணத்தையும் கொடுத்துக் காப்பாற்றினார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? டில்லிக்கு வெளியே பிரபுக்களின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதென்றால் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவார் என்பார்கள். தன் வாசலைத் தேடிவரும் ஏழைகளிடம் ஒரு சதமும் வாங்கமாட்டார். வசதியுள்ளவனின் பணம் ஏழையின் மருந்தாகவும் மாணவனின் பாடமாகவும் மாறியது.

இனி அந்த வேரின் கதைக்கு வருவோம்.

நமது நாட்டில் சிங்களவர்கள் ஏகவேரிய என்று சொல்லும் செடி ஒன்று உண்டு. இந்தியாவில் அதற்கு சர்ப்பகந்தா என்று பெயர். பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், புத்தி கலங்கியவர்களை அமைதிப்படுத்துவதற்கும் நாட்டு வைத்தியர்கள் அதன் வேரைக் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். வேர் வேலை செய்கிறது என்பது தெரியும். எதனால் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்பது தெரியாது.

இப்படிப்பட்ட மருந்துகளை இரசாயன ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது அஜ்மல் கானின் நீண்ட நாள் ஆசை. அதற்கு ஆள் தேவைப்பட்டது. அலிகரில் படித்து, 1920 இல் லண்டனுக்கும் பிறகு ஜெர்மனிக்கும் போயிருந்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரின் படிப்புக்கு அவர் பண உதவி செய்தார். பிராங்பர்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று 1927 இல் சித்தீக்கி திரும்பியதும், திப்பியா கல்லூரியிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

அதன் பலனைப் பார்க்க ஹகீம் இருக்கவில்லை. 1927 டிசம்பர் 29 ஆம் திகதி அவர் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

1931 இல் சித்தீக்கி அந்த வேரிலிருந்து ஒரு பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அதற்கு அஜ்மலைன் என்று பெயர் வைத்தார். தன் பெயரை வைக்கவில்லை, தன்னைப் படிக்கவைத்தவரின் பெயரை வைத்தார். இதயத்தின் தாளம் பிசகும் ஒருவகைப் பரம்பரை நோயைக் கண்டறியும் பரிசோதனையில் இன்றும் பல நாடுகளின் வைத்தியசாலைகள் அஜ்மலைனைப் பயன்படுத்துகின்றன. அதே 1931 இல் சென், போஸ் என்ற இரு இந்திய வைத்தியர்கள் இந்த வேர் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1949 இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனை ஆங்கில வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்டபோது உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பைன் என்ற இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

மூளை நோயின் கதை இங்கேதான் திரும்புகிறது. ரெசர்பைன் கொடுக்கப்பட்ட சிலருக்கு நடுக்குவாதம் போன்ற அறிகுறிகள் தோன்றின. மருந்தே நோயைப் போல நடித்தது. சுவீடனில் அர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளர் முயல்களுக்கு அதைக் கொடுத்தார். முயல்கள் அசைவற்று உறைந்துபோயின. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. இது 1957 இல் வெளியானது. மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் குறைந்ததாலேயே உடல் உறைகிறது, எல்-டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது என்று அதன்பின் தெளிவானது. 1960 இல் வியன்னாவில், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1967 இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற வைத்தியர் அதை வாய்வழி மருந்தாகக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் நிறுத்திவைத்த மாத்திரை அந்த எல்-டோபாதான்.

இதில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. நம் பற்றைக் காடுகளில் பட்டால் அரிக்கும் பூனைக்காலி விதையில் இதே எல்-டோபா இருப்பதை 1937 இலேயே சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பொருள் கையில் இருந்தது. அது எந்த நோய்க்கு, ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் முப்பது வருடங்கள் பொறுமையான பரிசோதனை தேவைப்பட்டது.

மாத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. அது குறைந்ததை நிரப்புகிறது, ஆனால் டோபமைனைச் சுரக்கும் கலங்கள் தொடர்ந்து அழிகின்றன. வருடங்கள் போகப்போக மருந்தின் பலன் விட்டுவிட்டு வரும். அழிந்த கலங்களின் இடத்தில் புதிய கலங்களை வைக்க முடியுமா என்பதே ஸ்டெம் செல் ஆராய்ச்சியின் கேள்வி. ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த உறுப்பின் கலமாகவும் ஆகாத மூலக்கலம். வளர்ந்த மனிதனின் சாதாரணக் கலத்தையே மீண்டும் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழியை ஜப்பானின் ஷின்யா யமனக்கா 2006 இல் எலியிலும் 2007 இல் மனிதக் கலத்திலும் காட்டினார். 2012 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவிலிருந்து கலம் எடுப்பது பற்றி உலமாக்கள் எழுப்பும் மார்க்கக் கேள்வி இந்த வழியில் எழுவதில்லை.

அந்த வழியில் உண்டாக்கிய டோபமைன் கலங்களை கியோட்டோ பல்கலைக்கழக வைத்தியர்கள் 2018 முதல் நோயாளிகளின் மூளைக்குள் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் முடிவு வெளியானது. மொத்தம் 7 நோயாளிகள். வைத்த கலங்கள் உயிரோடிருந்து டோபமைனைச் சுரந்தன, பாரதூரமான தீங்கு எதுவும் இல்லை, சிலருக்கு அசைவு முன்னேறியது. அதே நேரத்தில் வட அமெரிக்காவில் கருமூலக் கலங்களைக் கொண்டு 12 பேருக்குச் செய்த இன்னொரு பரிசோதனையும் நம்பிக்கை தந்தது. இவை பெரிய செய்திகள். ஆனால் 7 பேரும் 12 பேரும் என்ற எண்ணிக்கையையும் கவனியுங்கள். உலகின் முதல்தர வைத்தியர்கள் இவ்வளவு நிதானமாகச் செய்வதை, ஒரு முகவர் ஊசி ஒன்றில் முடித்துத் தருகிறேன் என்றால் நாம் சந்தேகப்பட வேண்டாமா? பரிசோதனையில் பங்கெடுப்பவரிடம் சிகிச்சைக்கென்று நகையை விற்கச் சொல்வது வழக்கமில்லை.

மகனிடம் நான் சொன்னது இதுதான். வாப்பாவின் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து, உடனே கண்டி வைத்தியரிடம் திரும்பக் கூட்டிப் போங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். துஆவை விடவேண்டாம், மருந்தையும் விடவேண்டாம். மருந்தைத் தேடச் சொன்னது நமது நபி (ஸல்) அவர்களின் வழிமுறைதானே. இன்று பெரியவர் மீண்டும் சுபஹுக்கு வருகிறார். முதல் ஆளாக அல்ல, மெதுவாக, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

ஹகீம் அஜ்மல் கான் நமக்கு விட்டுப்போனது இரண்டு பாடங்கள். பரம்பரை அறிவை உண்மையாக மதிப்பவன் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப அஞ்சமாட்டான் என்பது ஒன்று. அவர் இறந்து இரண்டு வருடங்களில், 1929 இல், கொழும்பு பொரளையில் ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் சேர்ந்து கற்பிக்கும் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அது கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அங்கு யூனானி படிக்கப்போகும் நம் பிள்ளைகள் பழைய கிதாபோடு ஆய்வுகூடத்தையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும்.

இரண்டாவது, ஒரு பிள்ளையைப் படிக்கவைப்பது. பெரிய கட்டடங்களை எழுப்பிய ஹகீமின் பெயர் உலகத்தின் வைத்தியசாலைகளில் ஒலிப்பது, அவர் படிக்க உதவிய ஒரு மாணவனால்தான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் நம் பிள்ளைகள் பலர் சாதாரண தரத்தோடு கடைக்கு இறங்கிவிடுகிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை, டியூஷன் காசும் பஸ் காசும் இல்லாமல் கலைப் பிரிவுக்குப் போவதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் இரண்டு வருடச் செலவை ஏற்றுக்கொண்டால் போதும். அவர்களில் யார் நாளை ஒரு முதியவரின் நடுங்கும் கையை நிறுத்துவார் என்பதை அல்லாஹ்வே அறிவான்.