கொழும்பில் படித்த சிரிப்பு நடிகர்

பழைய பாடல்கள் போடும் தொலைக்காட்சி அலைவரிசைகளில் அவர் அடிக்கடி வருவார். ஒல்லியான உடம்பு, இறுக்கமான காற்சட்டை, தரையில் நிற்காத கால்கள். அந்த நேரம் மட்டும் வாப்பா ரிமோட்டை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஜே.பி. சந்திரபாபு என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும். அவர் நம் கொழும்பில் வளர்ந்தவர் என்பது இவ்வருடந்தான் தெரிய வந்தது.

அவர் பிறந்தது தூத்துக்குடியில், 1927இல். பெற்றோர் அந்த ஊர் பனிமய மாதா கோவிலை நினைத்து வைத்த பெயர் பனிமயதாஸ். தந்தை விடுதலைப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். 1929இல் ஆங்கில அரசு அவரை நாடு கடத்தியதால் குடும்பம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. மகன் படித்தது கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில். இன்றும் நாம் பஸ்ஸில் கடந்து போகும் அதே கல்லூரிதான்.

1943இல் குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குத் திரும்பியது. கொழும்பில் ஒட்டிக்கொண்ட ஆங்கிலமும் மேல்நாட்டுப் பாட்டும் அவரோடு கூடவே போயின. அங்கேதான் சிக்கல். அன்றைய தமிழ் சினிமாவை நிறைத்திருந்தவர்கள் நாடகக் கம்பனிகளில் வளர்ந்தவர்கள். இவரோ கோட்டும் சூட்டுமாகத் திரிந்த கல்லூரிப் பிள்ளை. 1947இல் தன அமராவதி படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஐந்து வருடம் படியேறி இறங்கியதுதான் மிச்சம்.

1952இல், ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முடியாத விரக்தியில், அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்தார். அது குற்றம் என்பதால் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அங்கே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையிலேயே சுட்டுக்கொண்டாராம். சுட்டதைப் பார்க்க மற்றவர்களால் முடியும், அந்தச் சூட்டை உணர முடியாது என்பது அவர் தந்த விளக்கம். அவர் செய்ய முயன்றதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்தத் தீக்குச்சியை மறக்க முடியவில்லை. அதே ஆண்டு ஜெமினியின் மூன்று பிள்ளைகள் படத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

பிறகு, எந்த மேல்நாட்டுப் பாணியை அந்நியம் என்றார்களோ அதையே தேடி வந்தார்கள். தொண்டையை உடைத்து உடைத்துப் பாடும் யோடலிங் என்ற பாணியைத் தமிழுக்குப் பழக்கியவர் அவர். 1954இல் வந்த பெண் படத்தில் எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். 1958இல் வெளியான சபாஷ் மீனாவில் சிவாஜிக்கு ஈடாக இரட்டை வேடம். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரன். கொழும்பில் வளர்ந்தவர் சென்னைத் தெருப் பேச்சைப் பேசி அந்த ஊர்க்காரரையே சிரிக்க வைத்தார். அப்படம் ஹிந்திக்குப் போனபோது நகைச்சுவை வேடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்பேர் விருதே கிடைத்தது. படமாக்கி முடித்த பின் சோர்வாகத் தெரிந்த சகோதரியை, சந்திரபாபுவைப் பால்காரனாகச் சேர்த்துக் காப்பாற்றினார் ஏவி.எம். செட்டியார்.

இப்போதைய தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஒருவரின் நிறத்தையும் பருமனையும் சொல்லித்தான் பாதிச் சிரிப்பு வருகிறது. என் வகுப்புத் தோழிகள் இதற்காக என்னோடு சண்டைக்கு வரலாம். சந்திரபாபு விழுந்தால் அவரேதான் விழுவார், ஏமாறுகிறவனும் அவர்தான். அன்னை படத்தில் அவர் பாடியதைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பு நடிகரின் பாட்டா அது!

வீட்டு வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. திருமணம் சீக்கிரமே முறிந்தது. எத்தனை பெரியவரையும் பெயர் சொல்லி அழைப்பது, மனதில் பட்டதைப் பத்திரிகையில் போட்டு உடைப்பது என்று பகையும் சேர்ந்தது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய மாடி வீட்டு ஏழை பாதியில் நின்றது. கடன் ஏறியது. மாடிவரை கார் ஏறிச் செல்லும்படி ஆசையாய்க் கட்டத் தொடங்கிய வீடும் கையை விட்டுப் போயிற்று. 1966இல் தானே இயக்கிய தட்டுங்கள் திறக்கப்படும் ஓடவில்லை. குடிப்பழக்கம் மீதியைத் தின்றது. உம்மா இந்த இடத்தில்தான் பெருமூச்சு விடுவார். அதே எம்.ஜி.ஆரின் அடிமைப் பெண்ணில் 1969இல் ஒரு வேடம் கிடைத்தது.

1974 மார்ச் 8ஆம் திகதி சென்னையில் காலமானார். வயது நாற்பத்தாறுதான். அவருடைய விருப்பப்படியே உடலை நண்பர் எம்.எஸ். விஸ்வநாதனின் வீட்டில் வைத்திருந்து, பின் சாந்தோம் பக்கத்து மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.