காலம் கடந்து வந்த நீதி

விளையாட்டு வரலாற்றில் வெற்றிகளைப் போலவே அநீதிகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஜிம் தோர்ப் என்னும் வீரருக்கு இழைக்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சக் அன்ட் பொக்ஸ் எனும் பூர்வீகக் குடியில் பிறந்த தோர்ப், பென்சில்வேனியாவின் கார்லைல் பாடசாலையில் கல்வி கற்றார். 1912 இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் ஐந்து நிகழ்ச்சிப் போட்டி, பத்து நிகழ்ச்சிப் போட்டி ஆகிய இரண்டிலும் முதலிடம் பெற்று உலகை வியக்க வைத்தார்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1909, 1910 ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவில் அவர் சொற்பக் கூலி பெற்று பேஸ்போல் ஆடினார் என்ற செய்தி 1913 ஜனவரியில் வெளியாயிற்று. பணம் பெற்றவர் அமெச்சூர் அல்லர் எனக் கூறிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. விழா முடிந்து முப்பது நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற விதி இருந்தும் அது கவனிக்கப்படவில்லை. கல்லூரி மாணவர் பலர் புனைபெயரில் மறைந்து ஆடிய காலத்தில், சொந்தப் பெயரில் ஆடியதே தோர்ப்புக்கு வினையாயிற்று.

விதி யாவருக்கும் பொதுவானது எனச் சொல்லப்பட்டது. ஆயினும், ஊதியமின்றி விளையாட வசதி படைத்தவனுக்கு அது கௌரவமாகவும் உழைத்துண்ணும் ஏழைக்கு அது தடைச்சுவராகவுமே அமைந்தது என்பது எமது கருத்து.

பின்னர் தோர்ப் பேஸ்போலிலும் அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் தொழில்முறை வீரராகத் திகழ்ந்தார். 1953 இல் வறுமையில் மறைந்தார். 1912 இல் அவருடன் போட்டியிட்டுத் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தபோதும் பதக்கங்களை மீளளிக்க இணங்கவில்லை.

1982 இல் குழு அவரை இணை வெற்றியாளராக ஏற்று, மறு ஆண்டு பிள்ளைகளிடம் பதக்கங்களை வழங்கியது. அதற்குள் காலமும் மாறிற்று. 1992 பார்சிலோனா விழாவில் கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர்கள் தங்கம் வென்றனர். அவர்களிடம் எவரும் ஊதியக் கணக்குக் கேட்கவில்லை. 2022 ஜூலையிலேயே தோர்ப் இரு போட்டிகளினதும் தனி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின்னர் பெயர் திருத்தப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. விதிகளை வகுப்போர், அவை எவரைக் காக்கின்றன, எவரை வதைக்கின்றன என்பதையும் உரிய வேளையிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.