வெயிலைச் சமாளித்த மெழுகுக் காகிதம்: யார் இந்த லின்னேயஸ் டிரைப்?

வெயிலில் செல்போன் சூடானால் கேமரா மக்கர் பண்ணும். 1857-ல் சிக்கல் இன்னும் பெரிது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது சீக்கிரமே காய்ந்துவிடும், படம் காலி.

இதைச் சமாளித்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்திய கம்பெனிப் படையில் சேர்ந்து, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனவர். அவர் பெரிதும் நம்பியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை. அதை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம். எடுத்த உடனே கழுவ வேண்டியதும் இல்லை. ஆனால் ஒளி படிய நிமிடக் கணக்கில் ஆகும். நடமாடும் மனிதர்கள் பதிய மாட்டார்கள். அசையாத கோயிலும் கோட்டையும் துல்லியமாகப் பதியும்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை எனப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டினார்.

1859-ல் ஆளுநர் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்த வேலையை நிறுத்தினார். பிறகு டிரைப் கேமராவை அதிகம் தொடவில்லை, 1902-ல் இறந்தார். அந்தக் கோயில்கள் அன்று எப்படி இருந்தன என்பதற்கு, வீண்செலவு என்று ஒதுக்கப்பட்ட அந்தப் படங்கள்தான் இன்று முக்கியமான சாட்சி.