கணித யந்திரம் கண்ட பாபேஜ்

கம்ப்யூட்டரின் அமைப்பைப் பற்றி முதற்பாடம் கேட்கும் சர்வகலாசாலை மாணவன், எண்களைச் சேமித்து வைக்கும் பகுதி வேறு, அவற்றைக் கணக்கிடும் பகுதி வேறு என்பதையே தொடக்கத்தில் கற்கிறான். மின்சாரத்தின் துணையின்றி, உலோகச் சக்கரங்களையே நம்பி, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்பாகுபாட்டை வகுத்தவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயக் கணித சாஸ்திரி.

அவர் 1791-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி லண்டனில் ஒரு பாங்குக்காரரின் புதல்வராகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். அக்காலத்து மாலுமிகளும் வானசாஸ்திரிகளும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றை மனிதர் கணக்கிட்டனர். மனிதரே அச்சுக் கோத்தனர். இரண்டிலும் பிழை புகுந்தது. நடுக்கடலில் அட்டவணை பொய்த்தால் கப்பலுக்கே ஆபத்து. 1821-ல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் இத்தகைய கணக்குகளை ஒப்புநோக்கிய பாபேஜ், மலிந்து கிடந்த பிழைகளைக் கண்டு மனம் வெதும்பினார். நீராவியைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கலாகாதா என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

அவர் கைக்கொண்ட உபாயம் எளிது. 1, 4, 9, 16 என்னும் வர்க்க எண்களின் வித்தியாசங்கள் 3, 5, 7. இவற்றின் வித்தியாசமோ எப்பொழுதும் 2. ஆகவே பெருக்கல் வேண்டுவதில்லை. கூட்டல் மட்டும் அறிந்த யந்திரமே அட்டவணையை ஆக்கிவிடும். அச்சுக்கும் பதித்துத் தந்துவிடும்.

1823-ல் பிரிட்டிஷ் சர்க்கார் பொருளுதவி அளிக்க முன்வந்தது. 1832-ல் யந்திரத்தின் ஒரு சிறு பகுதி பூர்த்தியாகிச் செவ்வனே ஓடிற்று. மறுவருஷமே, அதைச் செய்துவந்த ஜோஸப் கிளெமெண்டுடன் பணத் தகராறு மூண்டு வேலை நின்றது. 1842-ல் சர் ராபர்ட் பீலின் மந்திரிசபை கையை விரித்தது. அதற்குள் பொதுப் பணத்தில் 17,000 பவுனுக்கு மேல் செலவாகியிருந்தது.

பழி முழுவதும் சர்க்காருடையதன்று. முதல் யந்திரம் முடியுமுன்பே, 1834 முதல், பாபேஜின் உள்ளம் வேறொன்றில் சென்று பதிந்தது. எண்களை வைக்கும் களஞ்சியம் ஒன்று. அவற்றை அரைத்து விடை தரும் ஆலை ஒன்று. நெசவுத் தறிக்கு ஜக்கார் அமைத்தவற்றைப் போன்ற துளையிட்ட அட்டைகளில் கட்டளைகள். வந்த விடையைப் பார்த்து அடுத்த வழியைத் தெரிந்துகொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. கூட்டலில் மீதி எண்ணை இலக்கம் இலக்கமாகக் கடத்துவதால் நேரும் தாமதத்தைக் கண்டு, அதை முன்கூட்டியே அறிந்து ஒருங்கே கடத்தும் வழியையும் அவர் அமைத்தார். இன்றைய மின்னணுச் சுற்றுக்களிலும் அதே தத்துவம் பயில்கிறது. கட்டளைகளையும் எண்களோடு ஒரே களஞ்சியத்தில் வைக்கும் முறை மட்டும் 1940-களில்தான் பிறந்தது.

இம்மகத்தான யந்திரத்தின் பெருமையை 1843-ல் வெளியிட்ட விரிவான குறிப்புகளால் விளக்கியவர் அடா லவ்லேஸ் சீமாட்டி. யந்திரமோ காகிதத்தைவிட்டு முழுமையாக எழவேயில்லை. இடையறாது திருத்துவதே பாபேஜின் இயல்பு. சிறந்ததைக் கண்டால் நல்லதைக் கைவிட்டுவிடுவார். முன்னதே முடியாதிருக்கப் பின்னதற்குப் பணம் கேட்டவரை மந்திரிகள் நம்பவில்லை. 1871-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி அவர் மனக்கசப்புடனேயே மறைந்தார்.

1840-களின் இறுதியில் அவர் வரைந்த இரண்டாவது வித்தியாச யந்திரத்தை லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார் 1991-ல் உருவாக்கினர். அவர் காலத்துத் தொழிலாளருக்குக் கைகூடிய நுட்ப அளவிலேயே உறுப்புகளைச் செய்தனர். யந்திரம் 31 இலக்கம் வரை பிழையின்றிக் கணக்கிட்டது. சிறு திருத்தங்கள் தேவைப்பட்டாலும், அடிப்படை அமைப்பு சரியானதே என்பது நிரூபணமாயிற்று.

மேதையைப் பெறுவது ஒரு தேசத்தின் பாக்கியம்; அவன் வேலையை முடித்துக்கொள்வது முயற்சி. அறிஞன் ஒன்றை முடித்தபின் மற்றொன்றைத் தொடங்கவும், அரசு பலன் காணும் வரை பொறுத்திருக்கவும் கற்றிருப்பின், பாபேஜின் யந்திரம் அவர் கண்முன்பே ஓடியிருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோரும் அதைப் பெறுவோரும் இதை மறக்கலாகாது.